மூடாமல் விட்ட மீட்டர்

17 செப்டம்பர் 2024, செவ்வாய்

இன்று லேபில் போட்டோ எடுத்தார்கள். வெள்ளைக் கோட்டில் வசுதா நடுநாயகமாக நிற்கிறாள். என்னையும் எடுத்தார்கள் – கையை மட்டும். குப்பியைத் தூக்கிப் பிடித்திருக்கும் கையுறை போட்ட கை. அது யார் கை என்று யாருக்குத் தெரியப் போகிறது?

ஆறு வருஷமாக ஒரகடத்தில் இந்தத் தங்கத் துகளைச் செய்பவள் நான். கண்ணுக்குத் தெரியாத பொடிக் கம்பிகள். அவற்றைப் புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசியால் ஏற்றி, மேலே லேசர் ஒளி அடித்தால் துகள் சூடாகும். கட்டி மட்டும் சாகும், பக்கத்துச் சதை தப்பிக்கும். சூடு நாற்பத்தெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தங்கம் என்று பேர், ஆனால் கரைசலில் நாவற்பழக் கறை மாதிரி ஒரு நிறம் வரும். அந்த நொடியில் நிறுத்தத் தெரிய வேண்டும். மெஷின் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

வசுதா வந்து பதினோரு மாதம். பிஎச்.டி. ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். "எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?" என்று நோட்டும் பேனாவுமாகப் பக்கத்திலேயே நின்றாள். சொல்லிக் கொடுத்தேன். அது இப்போது கட்டுரையாக வந்துவிட்டது. ஏழு பெயர் போட்டிருக்கிறார்கள், என் பெயர் இல்லை. கடைசி வரியில் "தொழில்நுட்ப ஊழியர்களுக்கு நன்றி"யாம்.

18 செப்டம்பர்

கோபிநாத்திடம் சொன்னேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "உனக்கு வயித்தெரிச்சல்" என்றார். கட்டின புருஷன் சொல்கிற ஆறுதல்.

ஆமாம், வயிற்றெரிச்சல்தான். அதற்கென்ன இப்போது?

26 செப்டம்பர்

கேன்டீனில் டீ போடும் லூர்தம்மாளுக்குக் கன்னத்தில் அறுத்த இடத்திலேயே மறுபடியும் கட்டி. டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னா உமா, உங்க லைட்டு எப்பத்தான் வரும்? இனிமே கத்தி வெக்க எடமில்லன்ட்டாங்க."

அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி மருத்துவமனையிலிருந்து டாக்டர்கள் சோதனை பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்பார்கள். லூர்தம்மாள் பெயரும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. சீக்கிரம் வரும்மா என்றேன். யாரால் வரும் என்று சொல்லவில்லை.

10 அக்டோபர், வியாழன்

நாளைக்கு லீவு என்பதால் இன்றே ஆயுத பூஜை போட்டோம்.

ஆறு வருஷமாகச் சந்தனத் தட்டு என் கையில்தான் இருக்கும். எந்த மெஷினுக்கு எங்கே பொட்டு வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது எனக்குத்தான் தெரியும். இன்று விஜயராகவன் சார் தட்டை எடுத்து, "கோயில் வீட்டுப் பொண்ணு இருக்கறப்ப வேற யாரு? வசுதா, நீயே பண்ணும்மா" என்று கொடுத்துவிட்டார். மேனேஜர் சொன்னால் முடிந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சுண்டல் பொட்டலம் போடப் போய்விட்டேன்.

லேசரின் அளவு பார்க்கும் மீட்டர் ஒன்று உண்டு. குறுகலான ஒரு குழல், அதன் அடியில் கறுப்புத் தகடு. பூஜைக்கு முன்னால் அதன் வாயை நான்தான் மூடுவேன். யாரும் சொன்னதில்லை, எதிலும் எழுதியதில்லை. இந்த வருஷம் மூடவில்லை. தட்டு என்னுடையது இல்லை என்றால் மூடி மட்டும் ஏன் என்னுடையதாக இருக்க வேண்டும்?

பொட்டு வைத்து முடித்ததும் வசுதா அவர்கள் வீட்டு வழக்கப்படி வெற்றிலையால் சந்தனத் தண்ணீர் தெளித்தாள். நாலு சொட்டு நேராகக் குழலுக்குள் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன்.

14 அக்டோபர், திங்கள்

பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். குழலுக்குள் தகட்டில் சந்தனம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

தகடு விழுங்க வேண்டிய ஒளியை அது திருப்பிவிடுவதால் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. லேசர்தான் பலமிழந்துவிட்டது என்று நினைத்து வசுதா அதைக் கூட்டிக்கொண்டே போகிறாள். "லீவுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்ததுக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

தெரியலையே என்றேன். பிஎச்.டி.தானே, கண்டுபிடிக்கட்டும்.

23 அக்டோபர்

டாக்டர்கள் முன்னால், படப்பையில் வாங்கிய கோழிக்கறித் துண்டில் என் துகளை ஏற்றி லேசரை அடித்தார்கள். நாற்பத்தெட்டில் நிற்க வேண்டியது எழுபதைத் தாண்டிவிட்டது. கறி பொசுங்கிய வாடை அறை முழுக்க. டாக்டரம்மா மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, "இது மனுஷன் கன்னமா இருந்தா?" என்று கேட்டார்.

மீட்டரில் ஒளி சரியாக இருக்கிறது, அப்படியானால் துகளில்தான் கோளாறு என்று விஜயராகவன் சார் சொன்னார். என் துகளில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போது வசுதா, "இல்ல சார். உமாக்கா பேட்ச் தப்பாகாது. வெளிச்சம் என் பொறுப்பு, தப்பு எங்கிட்டதான் இருக்கணும்" என்றாள். எல்லார் முன்னாலும்.

இவளை யார் கேட்டது? ஏன்டி இப்படிப் பண்ற? திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனே.

24 அக்டோபர்

டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

25 அக்டோபர்

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது பஞ்சைக் குச்சியில் சுற்றித் தகட்டைத் துடைத்துவிட்டேன். சுத்தமாக வந்துவிட்டது. இனிமேல் சரியாகக் காட்டும், மறுபடி சோதனை செய்வார்கள், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

29 அக்டோபர்

நான் ஒரு முட்டாள்.

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. சோதனையும் நாற்பத்தெட்டில் நின்றது. வசுதா சந்தோஷப்படவில்லை. மீட்டர் ஏன் குறைந்தது, ஏன் தானாகச் சரியானது என்று பழைய பதிவுகளை எல்லாம் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரம்மா போனில், "காரணம் தெரியாம கெட்டது, காரணம் தெரியாமயே திரும்பவும் கெடும். இதை நம்பி நான் யார் வாயிலயும் லைட் அடிக்க மாட்டேன்" என்றாராம். காரணம் எழுத்தில் வரும்வரை எல்லாம் நிறுத்தம்.

லூர்தம்மாள் இன்று டீயைத் தானே குடிக்க முடியாமல் ஆற வைத்து ஸ்பூனால் விட்டுக்கொண்டார். "தீவாளி கய்ச்சி வருமா உமா?" என்றார்.

காரணம் இந்த நோட்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

4 நவம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன்.

வசுதா தனியாக இருந்தபோது போனேன். சந்தனத் தண்ணீர் உள்ளே விழுந்தது என்றேன். "ஐயோ, நான் தெளிச்சதா?" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் தப்பாகவே போயிருக்கும், எனக்கு நல்ல பேர்கூடக் கிடைத்திருக்கும். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

"நான் பார்த்தேன் வசுதா. அன்னிக்கே பார்த்தேன். வருஷா வருஷம் நான்தான் மூடுவேன், இந்த வருஷம் வேணும்னே மூடல. துடைச்சதும் நான்தான்."

"ஏன்க்கா?"

"உன்னைக் கண்டா எனக்கு ஆகல."

அவள் அழவில்லை. குனிந்து குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு, "உங்ககிட்டதான் எல்லாம் கத்துக்கிட்டேன். அந்தக் கட்டுரைல உங்க பேரைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கணும். கேட்கலை. எனக்கும் தெரியும்க்கா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

18 நவம்பர்

காரண அறிக்கை டாக்டர்களுக்குப் போய்விட்டது. மூன்று பக்கம். 'பார்த்தும் தெரிவிக்காதவர்: உமாதேவி. அனுமதியின்றித் துடைத்தவர்: உமாதேவி.' கீழே கையெழுத்து. ஆறு வருஷத்தில் என் பெயர் முதல்முறையாக அச்சில்.

வேலையை விட்டு அனுப்பவில்லை, ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கோபிநாத் தோசை வார்த்துப் போட்டார்.

டாக்டரம்மா அனுமதிக்கு எழுதிவிட்டாராம்.

2 டிசம்பர்

வசுதா ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்று ஒரு குப்பியை நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றேன். ஓடினாள்.

30 செப்டம்பர் 2025, செவ்வாய்

பூஜை. கேன்டீனில் வேறு ஆள் டீ போடுகிறார். லூர்தம்மாளுக்கு ஆகஸ்டில் ஒளி வைத்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, மீதியை ஜனவரியில் பார்த்துத்தான் சொல்வார்களாம். நேற்று போனில், "இட்லி துன்னேன் உமா" என்றார். முன்னாலேயே வைத்திருந்தால் முழுசும் போயிருக்குமா? யாரைக் கேட்பது?

வசுதா தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கே வந்தாள். "சார்கிட்ட சொல்லிட்டேன். நீங்க வந்து வையுங்கக்கா."

லேபில் மீட்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: 'ஆயுத பூஜைக்கு முன் குழலை மூடவும்.' அடியில் வசுதாவின் கையெழுத்து. அதையும் அவள்தான் எழுதியிருக்கிறாள். பார்த்ததும் வயிற்றில் அதே பழைய எரிச்சல், ஒரு சொட்டுக்கூடக் குறையாமல்.

மூடியை எடுத்துக் குழலை மூடினேன். இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகுதான் சந்தனத்தில் கை வைத்தேன்.