D-க்கு ஒண்டும் ஆகாது

கார்த்திகை 4, செவ்வாய்

விடியவிருந்து மழை. கரண்ட் போவதும் வருவதும். கோயில் திருவிழா நோட்டீஸ் பாதியில் நிற்கிறது. கோயில் தலைவர் நாளைக்கு வந்து நிற்பார், தாடியைச் சொறிந்துகொண்டு.

இன்றும் சமைக்கும்போது மறந்துபோய்க் குசினியிலிருந்து கூப்பிட்டுவிட்டேன். "இஞ்சாருங்க, அந்தக் குடத்தை எடுத்துத் தாங்க." பதில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் என் மனிசன் விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். என்னைக் கண்டதும் உட்கார்ந்திருந்த கதிரையின் கையில் விரலால் டொக் டொக். அதுதான் இப்போது இவருடைய "ஓம்".

தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்தது சித்திரை கழிந்து. மாங்கேணியில் எல்லாரும் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் பழகவில்லை. கூப்பிட்டால் பதில் வராத வீடு என்ன வீடு?

செய்ய வேண்டியது:
- நோட்டீஸ்
- பென்டிரைவ்
- இவருக்குக் கழுத்து ஓட்டையை மூடத் துணி, இன்னும் ரெண்டு

அந்த மென்பொருளைத்தான் நம்பியிருக்கிறேன். ஒப்பரேசனுக்கு முன் இவரை வாசிக்க வைத்துப் பதிந்த வசனங்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால், நாம் தட்டுவதை இவருடைய குரலிலேயே சொல்லுமாம். இலவசம். ஆனால் லினக்ஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸை எடுக்கவும் முடியாது. பாமினி எழுத்துரு, என் டைப்பிங் வேலை, எல்லாம் அதில். ஆகவே ஒரே கணினிப் பெட்டிக்குள் இரண்டும். வீடியோ பார்த்தேன். மிகவும் லேசு என்கிறான் அதில் பேசுகிறவன். அவனுக்கென்ன.

கார்த்திகை 5, புதன்

மழை விட்டு விட்டு. வாழைச்சேனை போய் வந்தேன். பஸ்ஸுக்குள்ளும் ஒழுக்கு.

கணினிக் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுத் தந்தார். கொண்டு வாங்க, நானே செய்து தாறன் என்றார். இந்த மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வருவது என்று நான்தான் மறுத்தேன். கெட்ட நேரம் வாயில் வந்து உட்காரும் என்பது இதுதான்.

எத்தனை வருடமாக நானாவிடம்தான் பெட்டியைத் திருத்துகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே மந்திரம்: "ஃபோர்மட் பண்றது C-ய மட்டும்தான். முக்கியமானத D-ல போடுங்க. D-க்கு ஒண்டும் ஆகாது." இந்தக் கரையில் கணினி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். கலியாணப் படம், காணி உறுதி, பிள்ளைகளின் சேட்டிபிக்கட், எல்லார் வீட்டிலும் எல்லாம் D-யில். இவர் குரலும் D-யில். பதிந்தது என் போனில்தான், இடம் இல்லையென்று அங்கிருந்ததை அழித்தாயிற்று.

வாசிக்க வைத்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிசன். "நான்... நாளைக்கு... சந்தைக்குச் செல்வேன்." வாசித்துவிட்டு, "இப்பிடி ஆர் புள்ள கதைக்கிற?" என்றார். ஒழுங்காக வாசியுங்கள் என்று ஏசினேன். தொண்டை நோகுது என்று அவர் சொல்லவேயில்லை.

கார்த்திகை 6, வியாழன்

வெயில். கரண்ட் இருக்கும்போதே தொடங்கினேன். நோட்டீஸ் கொடுத்தாயிற்று.

பென்டிரைவிலிருந்து திறந்தது. லினக்ஸை எங்கே வைக்க என்று கேட்டது. அந்தப் பட்டியலில் C-யும் இல்லை, D-யும் இல்லை. ஏதோ எழுத்தும் இலக்கமும். அளவைப் பார்த்து எது எதுவென்று பிடித்தேன். விண்டோஸ் இருக்கிற C-யைத் தொடக்கூடாது. D-யில் நிறைய இடம் சும்மா கிடக்கிறது, ஒரு மூலையில் இருந்துகொள்ளட்டும். அதையே காட்டிக் கொடுத்தேன். ஃபோர்மட் செய்யவா என்றது. D-க்குத்தான் ஒன்றும் ஆகாதே. ஓம் என்று பொத்தானை அமத்தினேன்.

அருமையாக முடிந்தது. பெட்டியைப் போட்டால் இரண்டு பெயரும் வரிசையாக வருகின்றன. இவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். டொக் டொக்.

பிறகு விண்டோஸுக்குள் போனேன். C இருந்தது. D இல்லை.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். இல்லை. லினக்ஸுக்குள் தேடினேன். இல்லை. நானாவுக்குப் போன் எடுத்தேன். D-யையா காட்டிக் கொடுத்தீங்க என்று கேட்டார். பிறகு, பெட்டியை உடனே நிப்பாட்டுங்க, ஒண்டையும் தொடாதீங்க என்றார்.

என் கையால். என் கையாலேயே அமத்தினேன். கடவுளே, இந்தக் கை.

கார்த்திகை 7, வெள்ளி

மழை. பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்.

இவரிடம் சொல்லவில்லை. பிரிண்டர் பழுது என்றேன். பிரிண்டர் மேசையிலேயே இருந்தது. பார்த்தார், குடையை எடுத்துத் தந்தார்.

நானா மத்தியானம் வரை மினக்கெட்டார். சில கோப்புகள் வந்தன. பெயர் இல்லை, திறந்தால் கரகர. ஒன்றில் மட்டும் "நான் நாளை" என்று இவர் குரல், பிறகு இரைச்சல். அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"புதுசு மேல எழுதுப்பட்டிட்டு, தங்கச்சி. இனி ஏலா."

D-க்கு ஒண்டும் ஆகாது எண்டு நீங்கதானே சொன்னீங்க என்று கத்தினேன். அது நான் செய்தா, என்றார் மெதுவாக. அவர் மேல் பிழை இல்லை. ஆனாலும் கத்தினேன். கூலி வாங்கவில்லை அந்த மனிசன்.

வீட்டுக்கு வந்து இவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார். கழுத்தைத் தொட்டார், பிறகு கையை உதறினார், வலையில் மாட்டிய குப்பையை எறிகிற மாதிரி. போனால் போகட்டுமாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என்னை ஏசுங்க, ஏசுங்க என்று அழுதேன். ஏசவும் ஏலாத மனிசனிடம் போய் இதைக் கேட்கிறேன்.

சோறு ஆக்கவில்லை. இவர்தான் பாண் வாங்கி வந்தார்.

கார்த்திகை 8, சனி

இருட்டு மூட்டம். எழும்பினால் இவர் இல்லை. குடையும் இல்லை.

வாவிக் கரை வரைக்கும் ஓடினேன். தோணிகள் கரையில். கூப்பிட்டேன், கூப்பிட்டேன். கூப்பிட்டாலும் பதில் சொல்ல ஏலாத ஆளை எப்படித் தேடுவது? கழுத்து ஓட்டைக்குள் தண்ணீர் போனால் ஆள் முடிந்தது என்று டொக்டர் சொன்னதுதான் மண்டைக்குள். நேற்று நான் அழுத அழுகையில் என்ன நினைத்துப் போனாரோ.

திரும்பி வந்தால் விறாந்தையில் இருக்கிறார், பக்கத்தில் சிவராசா. ஒரே தோணியில் போன கூட்டாளி, எனக்கு மச்சான் முறை. இவர்தான் நடந்துபோய்க் கூட்டி வந்திருக்கிறார். இருவரையும் நன்றாக ஏசினேன்.

சிவராசாவின் போனுக்குள் இவர் குரல். தோணிக்காரர் யார் எழுதுகிறார்கள்? கை ஈரம், போனை அமத்திப் பேசிக் குரலாகவே அனுப்பிவிடுவார்கள். இவருடைய பழைய போன் வாவிக்குள் விழுந்து போனது. நான் அதோடு விட்டுவிட்டேன். செய்தி வாங்கியவன் போனில் இருக்கும் என்று யோசிக்கவேயில்லை. எனக்கு இவர் அனுப்பியதும் இல்லை. எனக்கென்ன, கத்தினால் வருவார்.

"ஒண்டும் அழிக்கல்ல மச்சாள். அழிக்கத் தெரியா."

ஒன்றைப் போட்டான். "காத்துக் கிறுகிட்டு மச்சான், இண்டைக்கு வலை போட வேணாம்."

எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவினேன். இன்னொருக்காக் கழுவினேன்.

பின்னேரம் நானாவுக்குப் போன். எல்லாவற்றிலும் காற்றும் எஞ்சினும் இரைகிறது, மென்பொருளுக்கு இது சரிவராது என்றார். அவ்வளவுதான். அந்தக் கதை முடிந்தது. இவர் இனி எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

இருவரும் இருட்டும் வரை அந்தப் போனை நோண்டிக்கொண்டே இருந்தார்கள். சிவராசா அதை இவரிடமே விட்டுவிட்டுப் போனான்.

கார்த்திகை 9, ஞாயிறு

காலையில் வெயில். மூன்று நாள் உடுப்பையும் தோய்த்துப் போட்டேன்.

கணினியைத் தொடவில்லை. பொலித்தீனோடு மூலையில் கிடக்கிறது. தலைவர் திரும்பவும் வந்தார், நோட்டீஸில் ஒரு பெயர் விடுபட்டதாம். நாளைக்கு.

மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. கொடி நிறைய உடுப்பு. பழக்கதோசம், கத்திவிட்டேன். "இஞ்சாருங்க, ஓடி வாங்க, மழை!"

விறாந்தைப் பக்கமிருந்து இவர் குரல்:

"இரு மச்சான், இவள் கூப்பிடுறாள். ஓம், வாறன் புள்ள. கத்தாத."

இவர் வாசலில். சிவராசாவின் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு.

சேலை முழுக்க நனைந்தது. கொடியில் ஒன்றையும் எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன்.