மலை ஏறிட்டு வந்தோம், கருப்பு

கருப்பு,

கதவு சாத்தியிருந்தா மட்டும் உன்னைக் கூப்பிடுற பேர் இது. வெளியில, உங்க அண்ணன் முன்னாடி, எல்லாம் 'ஏங்க'தான். இன்னைக்கு நாலு பேர் படிக்கிற பத்திரிகையில எழுதுறோம்னு தெரிஞ்சேதான் இப்படிக் கூப்பிடுறேன். இனிமே யார்கிட்ட மறைக்கணும்?

உன் சங்கத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. நீ போயி வருஷம் வருது, மாசப் பத்திரிகையில உன்னைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கன்னாங்க. நான் அஞ்சாவதோட நின்னவ, எனக்கு என்ன தெரியும்னேன். பேசுற மாதிரியே எழுதுங்கக்கா, நாங்க சரி பண்ணிக்கிறோம்னாங்க. சரி பண்ணவேண்டாம்னு சொல்லியிருக்கேன். நாலு வரியிலயும் அடங்கல.

மலேசியாவுக்குப் போயிட்டு வந்தோம், கருப்பு. நானும் உன் ரெண்டு பொண்ணுங்களும். நீ ஜெயிச்ச பரிசு அது. நீ இல்லாம நாங்க போனோம். அதைத்தான் உனக்குச் சொல்லணும்.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அந்தப் பரிசு கதை தெரிஞ்சிருக்கும். பிரஸ் மிஷின்ல தகடு மாட்டிக்கிட்டா கையை உள்ள விட்டு எடுக்காம, வளைஞ்ச கம்பியால இழுத்து எடுக்கலாம்னு நீ எழுதி கம்பெனி யோசனைப் பெட்டியில போட்ட. வருஷத்துக்கே நல்ல யோசனைன்னு அதைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தோட வெளிநாடுன்னு மேடையில சொன்னாங்க. மைக்கை வாங்கி நீ சொன்னியே, "என் வீட்டுக்காரி முருங்கைக்காய் பறிக்கிற தொறட்டியைப் பாத்துதாங்க எனக்குத் தோணுச்சு"ன்னு! எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. எனக்குப் புடவைத் தலைப்பை எங்க ஒளிச்சுக்கிறதுன்னு தெரியல.

அப்புறம் ஸ்டுடியோவுக்குப் போனோம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ. சிரிக்கக்கூடாதுன்னு அவன் சொல்லச் சொல்ல நீ சிரிச்ச. மூணாவது தடவைதான் மூஞ்சியை இறுக்கி வெச்ச. நேரா பாத்து நீ எடுத்துக்கிட்ட போட்டோ அது ஒண்ணுதான். அதைப் பெருசு பண்ணித்தான் மாலை போட்டிருக்கோம்.

பைபாஸைத் தாண்டுறப்ப லாரி அடிச்சு நீ போன பதினெட்டாம் நாள் உன் பாஸ்போர்ட் வந்துச்சு. ஆளைக் கூப்பிடுங்க, அவரு கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பேன்னார் தபால்காரர். நான் வாசலை விட்டு விலகி நின்னேன். அவரே உள்ள எட்டிப் பாத்தார். சுவத்துல இருக்கிற போட்டோவைப் பாத்தார். என் கையில குடுத்துட்டு, சைக்கிளை உருட்டிக்கிட்டே போனார். ஏறக்கூட இல்ல.

கம்பெனியில நல்லபடியாத்தான் நடந்துக்கிட்டாங்க. பரிசு பரிசுதாம்மா, நீங்க புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, ஆனா இந்த வருஷக் கணக்கு முடியறதுக்குள்ள போயிடணும்னாங்க. நீ போயி மாசம் ஒம்போது ஆகியிருந்துச்சு. உங்க அண்ணனைக் கேக்காம எப்படிப் போறது? அவர் ஊரு பேரிகைக்குப் போனேன். மாமா களத்துல இருந்து வந்து கால் கழுவிட்டு உக்காந்தார். அந்த ஊர் எங்க இருக்குன்னு கேட்டார். மலை மேலன்னு சொன்னேன். அங்கதான் புடிச்சிக்கிட்டார்.

"வருஷம் திரும்புற வரைக்கும் மலை ஏறக்கூடாது. தெரியும்ல?"

"அது சாமி மலைக்கு மாமா. இது ராட்டினம் சுத்துற மலை."

"மலையில என்னம்மா சாமி மலை, ராட்டின மலை? செத்தவன் இன்னும் வாசல்லயே நிக்கிறான். நீங்க மேல ஏறிட்டா அவன் வழி தெரியாம கீழயே நின்னுடுவான்."

"புள்ளைங்க ஆசைப்படுதுங்க, பாவம்"னு உங்க அண்ணி அடுப்படியில இருந்து சொன்னாங்க.

"நீ உன் வேலையைப் பாரு. போறவங்க போகட்டும். வருஷத்துக்கு நான் வரமாட்டேன். எந்த மலேசியாக்காரன் வந்து படையல் வெக்கிறான்னு பாக்கறேன்."

நமக்கு ரெண்டும் பொண்ணு. கொள்ளி வெச்சது உங்க அண்ணன். வருஷத்துக்கு ஆத்துல தலை முழுகி, பிண்டம் வெச்சு, உன்னைப் பெரியவங்களோட சேத்து விடவேண்டியதும் அவர்தான். அவர் வரலன்னா பங்காளிங்க யாரும் வரமாட்டாங்க. இது தெரிஞ்சேதான் போனேன் கருப்பு. தெரியாமப் போனேன்னு பொய் சொல்லமாட்டேன்.

ஏன் போனேன்? பெரியவ ரம்யாவுக்காகத்தான். டிராவல்ஸ்காரன் குடுத்த நோட்டீஸ்ல இருந்து அந்த ராட்டினப் படத்தை வெட்டி பீரோ கதவு உள்பக்கம் நீதான் அவளுக்கு ஒட்டிக் குடுத்த. நீ போன அப்புறம் அவ எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. சோறு போட்டா சாப்பிடுவா, போடலன்னா படுத்துக்குவா. பன்னெண்டு வயசுப் புள்ள அப்படி இருக்கலாமா? அங்க கூட்டிட்டுப் போனா ஒரு தடவையாவது சத்தம் போட்டுச் சிரிப்பான்னு நெனச்சேன்.

பெங்களூர்ல பிளேன் ஏறி அங்க போய் எறங்குற வரைக்கும் சின்னவ ஜன்னலை விட்டு மூஞ்சியை எடுக்கல. எறங்கினதும் ஒரு கண்ணாடி அறைக்குள்ள முக்காடு போட்ட பொண்ணு ஒண்ணு உக்காந்து எல்லாரோட பாஸ்போர்ட்டையும் பாத்துச்சு. நீ சொல்லியிருந்தியே, நாலும் வந்ததும் ஒண்ணா ரப்பர் பேண்ட் போட்டு வெச்சுக்கோ, பிரிச்சா தொலைஞ்சிடும்னு. நான் அப்படியே வெச்சிருந்தேன். அப்படியே எடுத்து நீட்டிட்டேன்.

அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணாப் பிரிச்சு எங்க மூஞ்சியைப் பாத்துச்சு. நாலாவதைப் பிரிச்சு எங்க பின்னாடி பாத்துச்சு. என்னவோ கேட்டுச்சு. கூட வந்த டிராவல்ஸ் தம்பி ஓடி வந்து, "ஏன்க்கா இதை எடுத்துட்டு வந்தீங்க?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். ரம்யாதான் சொன்னா, "நோ ஃபாதர், மேடம்." அந்தப் பொண்ணு உன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, மூடி, ரெண்டு கையாலயும் புடிச்சு எங்கிட்ட குடுத்துச்சு. மத்த மூணையும் ஒத்தைக் கையாலதான் குடுத்துச்சு.

மலைக்குக் கீழ ஒரு எடம். அங்க இருந்து கம்பியில தொங்கிக்கிட்டுப் பெட்டி பெட்டியாப் போகுது. ஏறப்போற நேரம் நான் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டேன். யோசிச்சுப் பண்ணல. உங்க கம்பெனி அசெம்பிளி செக்‌ஷன்ல இருக்கிற திருநெல்வேலிக்காரர் சம்சாரமும் எங்க கூட வந்திருந்தாங்க. அவங்க சிரிச்சிட்டாங்க. "என்னக்கா, செருப்பக் கழட்டுதீய? இங்கன என்ன சாமியா இருக்கு?"

"இருந்தா?"ன்னேன்.

"இருந்தா அதுவும் ராட்டினத்துலதான் சுத்திக்கிட்டு இருக்கும். போடுங்க, குளுருது."

நான் போடல. மேல போற வரைக்கும் பெட்டியில வெறுங்காலோட உக்காந்திருந்தேன். கீழ காடு, நடுவுல பனி. ஒரு எடத்துல கோயில் கோபுரம் மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பாக்கலன்னா ஏறினதாகாதுன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரி.

மேல ஒரு ஊரே இருக்கு. எங்க பாத்தாலும் வெளக்கு, பாட்டு, மொழி தெரியாத சிரிப்பு. ராட்டினம் வீட்டுக் கூரைக்குள்ளயே சுத்துது. சின்னவ ஒவ்வொண்ணா ஏறி எறங்கினா. ரம்யா ஒண்ணுலயும் ஏறல. வரிசையில நிப்பா, முறை வந்ததும் கம்பிக்கு அடியில நுழைஞ்சு வெளிய வந்துடுவா. அந்தப் படத்துல இருக்கிற ராட்டினத்துக்கும் அப்படித்தான். ஒரு மணி நேரம் நின்னு, ஏறுற எடத்துல திரும்பிட்டா.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. இதுக்காகவா உங்கப்பனோட வருஷத்தையே விட்டுக் குடுத்துட்டு வந்தேன்னு கத்தினேன். அவ சொன்னா, "ஏறினா அப்பாவுக்கு வழி அடைச்சிடும்னு பெரியப்பா சொன்னாரு. நீ ஏன்மா கூட்டிட்டு வந்த?"

நான் அடிச்சிட்டேன், கருப்பு. அத்தனை பேர் சிரிக்கிற எடத்துல உன் புள்ளையைக் கன்னத்துல அடிச்சேன். நீ ஒரு நாளும் கை ஓங்கினதில்ல.

அவ அழல. சுத்தி நின்னவங்க விலகிப் போனாங்க. கரடி வேஷம் போட்ட ஒருத்தன் எங்க கிட்ட வந்து கையை ஆட்டினான், ஒரு காலைத் தூக்கி ஆடினான். புள்ளையைச் சமாதானம் பண்றானாம். சின்னவ போய்க் கட்டிக்கிட்டா. அவன் குனிஞ்சப்ப அந்தக் கரடி வாய்க்குள்ள வலை வெச்சிருந்தாங்க, அதுக்குள்ள ஆள் மூஞ்சி தெரிஞ்சுது. வேர்வை கண்ணுல வழியுது, தொடைக்க முடியல. ரெண்டாவது ஷிப்டுக்கு ஆள் வரலன்னு உன்னையே நிறுத்தி வெப்பாங்களே, அன்னைக்கு நீ வீட்டுக்கு வர்ற மூஞ்சி. நான் என் தலைப்பை எடுத்து அந்த வலைகிட்ட கொண்டுபோயிட்டேன். அவன் தலையை ஆட்டி வேணாம்னான். மேஸ்திரி பாத்துடுவான்னு பயம் போல.

மீதி ரெண்டு நாளும் நானும் ரம்யாவும் ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தோம். சின்னவ அந்த திருநெல்வேலிக் குடும்பத்தோட சுத்தினா. கடைசி நாள் சாயங்காலம் அவ என் காலைப் பாத்து, "செருப்பைப் போடும்மா, வெடிச்சிருக்கு"ன்னா. அவ்வளவுதான். சிரிக்க வெக்கப் போனவ இதை வாங்கிக்கிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் சாக்லேட் டப்பாவை எடுத்துக்கிட்டு பேரிகைக்குப் போனேன். மாமா வாசலைத் தாண்ட விடல. "மலை ஏறிட்டு வந்த கால். அங்கயே நில்லு"ன்னார். உங்க அண்ணி டப்பாவை வாங்கி மடியில மறைச்சுக்கிட்டு, கண்ணால போயிடுன்னாங்க. மறுபடி ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன். பதில் இல்ல. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல கருப்பு. உன்னைத் தோள்ல தூக்கி வளத்தவர். உன்னை நான் மறந்துட்டேன்னு நெனைக்கிறார். அதுதான் தாங்கல.

வர்ற மாசம் உன் வருஷம். போன ஞாயித்துக்கிழமை பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தேன். ரம்யா வந்து நின்னா.

"பெரியப்பா வரமாட்டாரா?"

"தெரியல."

"வரலன்னா யாரு வெப்பாங்க?"

நான் தேச்ச பாத்திரத்தையே மறுபடி தேச்சேன்.

"நான் வெக்கிறேன். எப்படி வெக்கணும்னு பூசாரிகிட்ட கேட்டுட்டு வந்துட்டேன். பொம்பளப் புள்ள வெக்கிறதில்லன்னார். அப்புறம், உங்க இஷ்டம்னார்."

ஒம்போது மாசமா ஒண்ணும் கேக்காதவ, அதுக்கப்புறமும் தனக்குன்னு ஒண்ணு வேணும்னு சொல்லாதவ, முதல் தடவையா ஒண்ணு கேட்டா. முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? தனியா கோயிலுக்குப் போய்க் கேட்டுட்டு வந்திருக்கா, கருப்பு. அவளுக்குள்ள என்ன ஓடியிருக்குன்னு நான் அடிச்சப்ப தெரியாது.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கிறேன். உங்க அண்ணன் வந்தா அவர் கால்ல விழுந்து கூப்பிட்டுக்கிறேன். வரலன்னா அன்னைக்கு விடியறப்ப கெலவரப்பள்ளி அணைக்குக் கீழ, ஆத்துல உன் பெரிய பொண்ணு தலை முழுகி எழுவா. நான் பின்னாடி நின்னு அவளைப் புடிச்சுக்குவேன். இனி அவ மேல கை வெக்க மாட்டேன். பங்காளிங்க உக்கார வேண்டிய எலையில உன் ஷிப்டுக்காரங்களை உக்கார வெக்கிறேன். இதைப் படிக்கிறவங்க வரலாம், யாரையும் தனியாக் கூப்பிடமாட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியல. யாரைக் கேட்டாலும் அவங்கவங்க வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க. நீ சொன்னாத்தான் நம்புவேன். அவ கையால வெச்சா, நீ எடுத்துக்குவியா கருப்பு?

உன் ரெண்டு பொண்ணுங்களுக்கு அம்மா,
உன் வீட்டுக்காரி
லட்சுமி