கணினி முன் பெரட்டு

2004 ஜூன், செவ்வாய்.

எங்கள் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துப் பணிப்பாளரைப் போன்ற ஒரு மேதையை நான் கண்டதில்லை. உலகத்தின் நாலு மூலையிலும் கிடக்கும் மரபணுத் தரவுத்தளங்களை அவரவர் மேசையிலிருந்தே தேட, மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் தங்கட பாட்டில தேடினா பிறகு ஒழுங்கு எங்க இருக்கு?" என்று நேற்று எல்லா மேசைகளின் இணைப்பையும் பிடுங்கிவிட்டார். மிச்சம் ஒரே கணினி, அவர் அறை வாசலில். காலை எட்டு மணிக்கு எல்லோரும் அதன் முன் வரிசையில் நின்று, வேண்டிய மரபணுவைச் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டுப் பதிவது நான்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவளுக்கு, விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு தெரியாதா? வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன புத்திக்கு இந்த மனிதர் டாக்டர் பட்டம் வாங்கி வைத்திருக்கிறார்.

இன்று முதல் பெரட்டு. தேயிலையின் கொப்புள நோயை ஆராயும் செல்வி மஸ்கெலியாவிலிருந்து வருகிறவள். பஸ் பிந்தி, எட்டேகாலுக்கு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஒன்னே ஒன்னுதாங்க அக்கா, தேடிட்டுப் போயிர்றேன்."

பணிப்பாளரின் கதவு திறந்திருந்தது.

"பெரட்டு முடிஞ்சிருச்சி. நாளைக்கு வா" என்றேன்.

பகிடிக்குச் சொன்னதாக இந்த நாட்குறிப்பில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். செல்வி சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் பெரட்டுக்குப் பிந்திப் போன அம்மாவைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பியதும் இதே வார்த்தை சொல்லித்தான். அவர் துரைக்குப் பயந்த மனிதர் என்று அம்மா சொல்வாள். நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பதிவேட்டில் செல்வியின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்து.