அழைத்துச் செல்பவர் பெயர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மாமாவும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் சுரங்கத்துக்குள் போன் எடுக்காது. எடுக்கிற நேரத்தில் மாமா என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்பார். அதனால்தான் கடிதம். லீவு முடிந்து கிளம்புகிற உங்கள் வெல்டர் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். சட்டைப்பையில் போட்டு மறந்துவிடப் போகிறார் என்று அவர் மனைவியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. முன்னறைச் சுவரில் போன வெள்ளத்தின் கறை மறுபடியும் தெரிய ஆரம்பித்துவிட்டது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அந்தக் கோடு மட்டும் மேலே வந்துவிடுகிறது. மாமா அதன்மேல் காலண்டரை மாட்டி வைத்திருக்கிறார். அவருடைய கால்வலி அப்படியேதான் இருக்கிறது. ஊன்றுகோலை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து தேடுகிறார். கேட்டால், பஸ் ஓட்டின காலத்தில் ஒரு சாவியைக்கூடத் தொலைத்ததில்லை என்று என்னையே அதட்டுகிறார். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்.

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் மேலே அணை நிரம்பிக்கொண்டே வருகிறது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கலங்கலாக விழுகிறது. அதைப் பார்த்ததுமே குழாயை மூடிவிடுகிறேன். ஆபீஸில் யாராவது வாளியைத் தரையில் இழுத்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. இப்படிப்பட்டவளைத்தான் நகராட்சியில் வெள்ளத் திட்டத்துக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள்.

எங்கள் என்ஜினீயரை உங்களுக்குத் தெரியுமே, எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பாரே, நாங்கள் எல்லாரும் "நாளைக்கு சார்" என்று பெயர் வைத்தோமே, அவர் இப்போது எனக்கு முன்னால் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. நகராட்சித் தலைவியம்மாவோ மழைக்கு முன்னால் திட்டம் முடிந்தாக வேண்டும் என்று விரட்டிக்கொண்டே இருக்கிறார்.

திட்டத்தில் பாதி, நான் நடையாய் நடந்து செய்த வேலை. தெருத்தெருவாகப் போய், தானாக நடந்து வர முடியாதவர்கள் யார் யார் என்று கேட்டேன். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, நகராட்சி அபாயச் சங்கு ஊதியதும் அவரை மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்பவர் பெயர் ஒன்று எழுத வேண்டும். சும்மா எழுதிவிட முடியுமா? சாக்கடைச் சண்டையில் பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரர் தன்னைத் தொடவே கூடாது என்று ஒரு அம்மாள் பிடிவாதம் பிடித்தார். வெள்ளம் வந்தாலுமா என்று கேட்டேன். வெள்ளம் வந்தா பார்ப்போம் என்றார். அவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்த அன்று, எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

போன வாரம் ஒத்திகை. சங்கு ஊதினோம். நான் ஆபீஸ் மாடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தச்சர் தன் தள்ளுவண்டியில் எதிர்வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியவர் ராஜா மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். அந்தச் சாக்கடைச் சண்டை அம்மாளும் வந்துவிட்டார், அதே பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு. தலைவியம்மா கை தட்டினார்.

பிறகுதான் யார் வரவில்லை என்று பார்த்தோம். என்ஜினீயரின் அம்மா வரவில்லை. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரின் நிறைமாத மனைவி வரவில்லை. தலைவியம்மாவின் சொந்த அக்கா வரவில்லை. நம் மாமாவும் வரவில்லை. ஆபீஸில் இருக்கிற நாங்கள் ஒவ்வொருவரும், எங்கள் வீட்டு ஆளுக்கு எதிரே எங்கள் பெயரையே எழுதிக்கொண்டிருந்தோம். என் மாமாவை நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்ப்பார்கள் என்றுதான் நானும் எழுதினேன். வெள்ளத்தன்று நாங்கள் எல்லாரும் ஆபீஸை விட்டு நகரக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியதும் நானேதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ஷூ, மடியில் பை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து கெஞ்சியிருக்கிறார். "மருமக வரேன்னு சொல்லியிருக்கா, நீங்க போங்க" என்று அவரை அனுப்பிவிட்டாராம். சங்கு நின்று எவ்வளவோ நேரமாகியிருந்தது. நிஜத் தண்ணீராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்திவிட்டேன். மாமாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பிறகு அவராகவே பேசினார். போன வெள்ளத்தில் அத்தையைத் தண்ணீர் கொண்டுபோன அன்று, பாலத்தை மூடிவிட்டதால் அவரால் வீடு வந்து சேர முடியவில்லை என்பதுதானே நமக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் டிப்போவிலிருந்து அத்தைக்குப் போன் செய்திருக்கிறார். தெருவில் கூட்டம் முட்டி மோதுகிறது என்று கேள்விப்பட்டு, அத்தை எங்கே கீழே விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், "நான் வந்து கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போகாத" என்று சொல்லியிருக்கிறார். அன்றும் தையல்காரர்தான் வந்து கூப்பிட்டிருக்கிறார். அவர் வராரு என்று அத்தை மறுத்துவிட்டாராம். இத்தனை நாளும் தையல்காரரும் இதை நம்மிடம் வாய் திறக்கவில்லை.

"அவ எனக்காக உட்கார்ந்திருந்தா. நான் மட்டும் இன்னொருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்பிடறதா?" என்றார் மாமா. நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உங்களுக்கு இதைப் படிக்க எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனாலும் மறைக்க முடியாது, ஏன் என்பது கீழே புரியும்.

மறுநாளே ஆபீஸில் எங்கள் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு அக்கம்பக்கத்தாரின் பெயர்களை எழுதினோம். மாமாவுக்குத் தையல்காரர். சொன்னேன். சரி சரி என்றார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னபோது சொன்னாரே, அதே சரி. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், நாற்காலி வாசலிலேயே கிடக்கிறது. இப்போதெல்லாம் அதை அவர் உள்ளே எடுப்பதே இல்லை.

இந்த வாரக் கடைசியில் பெருமழை என்கிறார்கள். மதகைத் திறந்தால் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். நான் இப்போது திட்டத்தின் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்வது என்பது அது. சேற்றை எங்கே கொட்டுவது, குடிதண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில், பள்ளிக்கூடத்தை யார் கழுவுவது, இடிந்த வீட்டுக்காரர்களை எங்கே தங்கவைப்பது, எல்லாம் எழுதிவிட்டேன். வீடு திரும்பாதவர்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதற்குத் தலைப்பு மட்டும் போட்டுவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். என்ஜினீயர் பார்த்துவிட்டு, நாளைக்கு எழுதிக்கலாம்மா என்றார். முதல் தடவையாக அந்தச் சொல் எனக்கு இதமாக இருந்தது.

என்னைப் பற்றிக் கேட்பீர்கள். ஆபீஸ் மாடி நல்ல உயரம். ஜெனரேட்டரையும் மேலே ஏற்றிவிட்டோம். போன தடவை தண்ணீர் அந்த மாடிப்படியில்தான் நின்றது. எந்தப் படியில் என்று எழுதப்போவதில்லை. ஊரில் கடைசி ஆள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை மைக்கை விட்டு நான் இறங்க முடியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று உங்களிடம்கூடச் சொன்னால் பிறகு யாரிடம்தான் உண்மையைச் சொல்வது?

கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இதைப் படித்ததும் மேலே ஏறி வந்து மாமாவுக்குப் போன் செய்யுங்கள். நான் என்ன சொன்னாலும், நான் வருவேன் என்றுதான் அவர் காதில் விழுகிறது. அத்தை விஷயம் உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். சங்கு ஊதினால் தையல்காரரோடு போய்விடுங்கள், மருமகள் வர மாட்டாள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறமாகப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்துகொள்வாள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களும் அதை நம்புங்கள்.

இன்னொன்று. மழைச் செய்தி கேட்டு நீங்கள் அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாம். பாலத்தை மூடிவிடுவார்கள். போனில் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், திட்டக்கூடத் திட்டுங்கள். வந்து கூட்டிட்டுப் போறேன் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால், நானும் உட்கார்ந்திருப்பேன்.

உங்களை நல்லபடியாகப் பார்க்க ஆசைப்படும்,
உங்கள் மனைவி