பதினேழாம் டிரம்மின் பொட்டு

4 அக்டோபர் 1999

ஐந்து விசில் வந்த பிறகும் நான் அடுப்பை அணைக்கவில்லை என்று உண்ணாமலைக்குக் கோபம். அணைக்கத்தான் எழுந்து போனேன். போனவன் குக்கர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். மூடிய பாத்திரம் ஒன்று தனக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு நாகரிகமான செயல்.

"ரிட்டயர் ஆனா காதும் கூடவா ரிட்டயர் ஆயிடும்?" என்றாள்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர் ஆறு மாதமாக மௌனம் பழகுகிறார். நான் பத்து வருஷமாகப் பழகுகிறேன். என்னிடம் யாரும் தீட்சை கேட்டு வரவில்லை.

9 அக்டோபர்

சகாதேவனிடமிருந்து கடிதம். அணு நிலையத்தில் என் கீழ் வேலை பார்த்தவன். இப்போது என் நாற்காலியில் இருக்கிறான். (நிலையத்தின் பெயரை எங்கும் எழுதுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்ட கையெழுத்துகளில் இது ஒன்றையாவது காப்பாற்றலாம்.)

பழைய அணுக்கழிவு டிரம்களை நவம்பர் கடைசியில் திறந்து, உள்ளே இருப்பதைப் புதிய கிடங்குக்கு மாற்றுகிறார்களாம். அவனே பக்கத்தில் நின்று திறக்கப் போகிறான். "பதினேழு வரைக்கும் உங்க கையெழுத்து சார். அதனால எனக்குப் பயமே இல்ல."

பதினேழு.

18 அக்டோபர், ஆயுத பூஜை

அரிவாள்மணை, தையல் மெஷின், என் சைக்கிள், சுவர்க் கடிகாரம் – எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டாள் உண்ணாமலை. கடிகாரத்தின் கண்ணாடி நடுவில் தாராளமாகச் சந்தனம். இன்று முழுவதும் எங்கள் வீட்டில் மணி கிடையாது.

எழுதிவிடுகிறேன். 1989, இதே பூஜை நாள். பதினேழாம் டிரம்முக்குள் பழைய யுரேனிய உலோகத் துண்டுகள், பல வருஷம் தண்ணீரில் கிடந்தவை. யுரேனியமும் இரும்பைப் போலத் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கும்போது ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து வெளியே விடும். மூடிய டிரம்மில் 'வெளியே' என்று ஓர் இடம் கிடையாது. ஆகவே மூடுமுன் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, ஒரு நாள் கழித்து பிரஷர் கேஜைப் பார்க்க வேண்டும். முள் அசையவில்லை என்றால் நன்றாகக் காய்ந்துவிட்டது. அசைந்திருந்தால் மறுபடி உறிஞ்ச வேண்டும்.

பார்க்கப் போனேன். கேஜின் கண்ணாடிமேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். முள் அதற்கடியில். பூஜை போட்ட கருவியை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் எழுதாத விதி. எழுதிய விதிகளைவிட அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். எல்லோரும் கையில் பொரியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நம்பிக்கை இல்லாதவன் கடவுளுக்குச் செய்த ஒரே மரியாதை.

26 அக்டோபர்

கீழ்பென்னாத்தூர் போனோம். மைத்துனன் தருமன் புதிதாகக் கட்டிய சாண எரிவாயுத் தொட்டியைக் காட்டினான். இரும்பு மூடி காலையில் இருந்ததைவிட ஒரு சாண் மேலே வந்திருந்தது.

"அதுபாட்டுக்கு ஏறும் மாமா. நாம ஒண்ணும் செய்ய வேணாம்."

தெரியும் என்றேன்.

2 நவம்பர்

சகாதேவனுக்குக் கடிதம் எழுதினேன். நடை நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

11 நவம்பர்

ஆயுத பூஜையன்று இந்த நோட்டில்கூட எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. 1989இல், பூஜைக்கு மறுநாள் காலை நானேதான் பொட்டைத் துடைத்தேன். முள் நான்கு கோடு ஏறியிருந்தது. துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கண்ணாடிக்குள் இருக்கும் முள்ளில் கை எப்படிப் படும்? நான் கையெழுத்திட்ட காகிதம் மேலதிகாரிகளுக்குப் போய்விட்டிருந்தது. கேஜைக் கழற்றி மூடியை வெல்டிங் செய்தார்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஹைட்ரஜன் சும்மா இருக்காது. அதே உலோகத்தோடு சேர்ந்து பொடியாகும். அந்தப் பொடி காற்றுப் பட்டால் தானே பற்றும். தீக்குச்சி வேண்டாம். மூடியைத் திறக்க ஓர் ஆள் போதும்.

அந்த ஆளு சகாதேவன்யா. கடுதாசி எழுதி நடை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, மனுஷனா நீ?

12 நவம்பர்

பலராமனின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சகாதேவனுக்குப் போன். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பத்து நாள் போல இருக்கிறது; அதற்குள் ஊரில் கூட்டம். எனக்குப் பின்னால் வரிசை. லைனில் இரைச்சல். கத்த வேண்டியிருந்தது.

"பதினேழைத் திறக்காதே! நான் அன்னைக்கு முள்ளைப் பாக்கவே இல்ல. பொட்டு மறைச்சிருந்தது. பாக்காம எழுதிட்டேன். மறுநாள் ஏறியிருந்தது, அதையும் சொல்லல."



"அந்தப் பொட்ட வெச்சது நான்தான் சார்," என்றான் சகாதேவன். "ஓரமா, சின்னதாத்தான் வெச்சேன். நீங்கதான் வந்து, 'சாமிக்குப் போய்க் கஞ்சத்தனமா? முள்ளே தெரியாத மாதிரி வை'ன்னீங்க."

"அது கிண்டல்டா."

"உங்க மூஞ்சில தெரியல சார்."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் நடை என்னுடையதுதான்.

"எழுத்துல குடுங்க சார். இன்னிக்கே ஃபேக்ஸ் போடுங்க," என்று வைத்துவிட்டான்.

வெளியே வந்ததும் பலராமன் கேட்டார்: "இன்னா சார், சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சி? சம்பந்தி சண்டையா?"

ஆமாம் என்றேன். அப்புறம் அவருடைய ஃபேக்ஸிலேயே அனுப்பினேன். நடை பார்க்கவில்லை.

8 டிசம்பர்

சகாதேவனிடமிருந்து நான்கு வரி. டிரம்மை, எதையும் பற்றவிடாத ஆர்கான் வாயு நிரப்பிய அறைக்குள் வைத்து, தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, இயந்திரக் கையால் துளை போட்டார்களாம். வாயு சீறிக்கொண்டு வந்ததாம். உள்ளே கறுப்பாகப் பொடி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடிதத்தில் 'சார்' இல்லை.

3 மார்ச் 2000

விசாரணை. எதிரே மூன்று பேர்.

"உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் துடைக்கல?"



6 அக்டோபர் 2000, ஆயுத பூஜை

ஒவ்வொரு வருஷமும் பூஜைக்குச் சகாதேவனிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். இந்த வருஷம் வரவில்லை. இருக்கட்டும். கோபித்துக்கொள்ள ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

உண்ணாமலை சந்தனக் கிண்ணத்தோடு ஸ்டூலில் ஏறினாள். பெரிதாக வை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கடிகாரத்தின் கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, மரச்சட்டத்தின் ஓரத்தில் மிளகளவு பொட்டு வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. அன்று பூத்தில் என் பின்னால் யார் யார் நின்று கேட்டார்களோ.

மணி பத்து இருபது. நன்றாகத் தெரிந்தது.