ஏழு நாற்பது

வேதா,

நேரில் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பாய். அதனால் எழுதி உன் மாத்திரை டப்பாவில் வைக்கிறேன்.

எப்போதாவது வரும் உன் படபடப்பைப் பிடிக்க, ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மாட்டியிருந்த மெஷினின் ரிப்போர்ட் இன்று வந்தது. தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தோடு நீ மாடி ஏறியபோதுகூட இதயம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. சாயங்காலம் ஏழு நாற்பதுக்கு மட்டும் துடிப்பு நூற்று நாற்பது.

"அப்ப என்ன சார் பண்ணிட்டிருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். அன்று செய்ததையெல்லாம் நேரத்தோடு குறித்த உன் தாளில், அந்த வரியை மட்டும் கிறுக்கி மறைத்திருக்கிறாய். அவரால் படிக்க முடியவில்லை. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'அவர் வண்டிச் சத்தம் கேட்டது.'

"தெரியல டாக்டர்" என்றேன்.

முதலில் கோபம்தான் வந்தது. அன்றைக்கு நான் கத்தவேயில்லையே! பிறகு, சந்தோஷத்திலும் நெஞ்சு படபடக்குமே என்று தோன்றியது. சந்தோஷமென்றால் ஏன் மறைத்தாய்? இருபது வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை.

அதனால்தான் இன்று தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் உன் கை நெஞ்சுக்குப் போனது.

நாளைக்கு நான் எப்படி வரட்டும்?

உன் வீட்டுக்காரன்