கிறிஸ்துமஸ் தாத்தாவின் செருப்பு

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு,

கல்லூரி மலரில் உன் கதையைப் படித்தேன். கேரல் பாட்டுக்காரர்களோடு நம் வாசலில் ஆடிய கிறிஸ்துமஸ் தாத்தா உன் அப்பாதான் என்று செருப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தாயாம். அந்த நொடியில் உன் குழந்தைப்பருவம் தொலைந்துபோனதாம். எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஆனால் மக்கா, செருப்புதான் அப்பாவுடையது. கால் என்னுடையது.

அன்றைக்குத் தாத்தா வேஷம் போட வேண்டிய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. என்ன சரியில்லை என்று கேட்காதே. வாழைத்தோட்டத்தில் படுத்திருந்தார். எழுப்பினால் பாடினார், அதுவும் ஞானப்பாட்டு இல்லை. ஆலயத்து வாசலில் எல்லோரும் தாத்தாவுக்காகக் காத்து நின்றார்கள். தலையணையை வயிற்றில் கட்டி, சிவப்பு அங்கியையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் ஊர் முழுக்க நான் ஆடினேன்.

மறுநாள் எல்லோரும் அப்பாவிடம், "நல்லா ஆடினீரு வே!" என்று பாராட்டினார்கள். ஒன்றும் நினைவில்லாத மனுஷன், ஆடியது தான்தான் என்று நம்பிவிட்டார். இப்போது உன் கதையோடு தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "இந்தத் தாத்தா நானாக்கும்!" என்கிறார்.

நீ தொலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அது அவரிடம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதில் மட்டும் கை வைத்துவிடாதே.

உன் கதை முழுக்க அடுப்படியில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டே இருக்கும்,
அம்மா